கெட்டித் தண்ணீர்

பல்கலைக்கழகம் முழுவதும் அவளைக் கத்தரிக்கோல் என்றுதான் சொல்வார்கள். மருத்துவத் துறைப் பேராசிரியர்கள் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களை வாங்கி, வெட்டித் தைத்து, ஒத்திகை பார்த்து அனுப்பிவைப்பது அவள் வேலை. பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் பக்கம் பக்கமாகப் பூசி மெழுகிக் கொண்டுவருவார்கள். "எல்லாம் சரி சார், இதுல நீங்க என்னதான் கேக்குறீங்க?" என்பாள். பாதிப் பேருக்கு அங்கேயே முகம் சுண்டிவிடும்.

நோயாளிகளுக்குப் பேசவும் விழுங்கவும் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சைத் துறை ஆசிரியை கொண்டுவந்ததில் மட்டும் அவளுக்கு வெட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம். தண்ணீர் தடம் மாறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அதனால் ஒரு மாவைக் கலந்து தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். கெட்டியாக்கினால் நோயாளிகள் குடிப்பதே இல்லை. உடம்பு வறண்டு மறுபடி வார்டுக்கே வந்து படுக்கிறார்கள். வாயைச் சுத்தம் செய்து, நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கத்திலேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெறும் தண்ணீர் கொடுத்தால் யாருக்குத் தாங்கும், யாருக்குத் தாங்காது? ஆசிரியை கேட்டது இவ்வளவுதான்.

கத்தரிக்கோலுக்கு அந்த மாவை நன்றாகத் தெரியும். வீட்டில் மாமனாருக்குத் தினமும் கலக்குவது அவள்தான். காலமெல்லாம் லாரி ஓட்டிய மனிதர். இப்போது பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, வார்த்தை குழறி உட்கார்ந்திருக்கிறார், ஆனால் கிண்டலுக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை.

"இது தண்ணியாம்மா? போஸ்டர் ஒட்டுற பசையா?"

"டாக்டர் சொல்லியிருக்காரு மாமா. கொஞ்சமாவது குடிங்க."

"அவரு குடிச்சுப் பாத்தாராமா?"

அவள் கரண்டியைக் கழுவப் போய்விடுவாள். தாகம் என்று கேட்கும் மனிதருக்குத் தன் கையாலேயே பசை கலந்து நீட்டுவது அவளுக்கு அவ்வளவு வலித்தது.

நிதி தரும் அமைப்பு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஒரு விண்ணப்பத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். எது போவது என்று தீர்மானிக்க ஒரு குழு. அதற்குத் தலைவர் டீன். அவர் ஆசிரியையையும் கத்தரிக்கோலையும் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தண்ணி குடிக்கிறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியாம்மா? வெளிய கேட்டா சிரிப்பாங்க. கப்புல ஒரு சென்சார் வைங்க. செயற்கை நுண்ணறிவுன்னு நாலு இடத்துல போடுங்க. நரம்பியல் துறைத் தலைவர் பேரு முதல்ல இருக்கட்டும், உங்க பேரு கீழ இருக்கட்டும். அப்படின்னா பாக்கலாம். இல்லன்னா வேற விண்ணப்பம் நிறைய இருக்கு."

ஆசிரியை தலையாட்டினாள். ஊருக்கெல்லாம் பேசச் சொல்லித்தருகிறவளுக்குப் பெரிய மேஜைக்கு முன்னால் நின்றால் பேச்சே வராது.

"சார், கேள்வியே மாறிடுமே," என்றாள் கத்தரிக்கோல்.

"உங்க வேலை எழுத உதவுறது. என்ன எழுதணும்னு சொல்றது இல்ல."

வராந்தாவுக்கு வந்ததும் ஆசிரியை கையைப் பிசைந்தாள். "விடுங்கக்கா. ஏதோ ஒரு ரூபத்துல போனா சரி."

"அந்த ரூபத்துல போனா கப்பைப் பத்தித்தான் ஆராய்ச்சி நடக்கும். குடிக்கிறவங்களை யாரு கேப்பா? ஒரு எழுத்தை மாத்தாதீங்க. இப்படியே குழு முன்னாடி வைங்க."

"கிழிச்சுப் போட்டுருவாங்க."

"கிழிக்கட்டும். நம்மளே ஏன் கிழிச்சுக் குடுக்கணும்?"

குழு கூடும் அறையைத் தயார் செய்வதும் கத்தரிக்கோல் தலையில்தான். மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பாள், நாற்காலிகளை இழுத்துப் போடுவாள், ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட கப்பில் தண்ணீர் வைப்பாள். படித்த பட்டத்துக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று பல நாள் எரிச்சல்பட்டிருக்கிறாள். அன்றைக்கு எரிச்சல்படவில்லை. கைப்பையிலிருந்து மாமனாரின் மாவு டப்பாவை எடுத்தாள். ஒவ்வொரு கப்பாகக் கலக்கி, மூடி போட்டு, பின்வரிசையில் போய்க் கைகட்டி உட்கார்ந்தாள். அந்த அறையில் அவளுக்குப் பேச அனுமதி இல்லை.

ஆசிரியை பேசத் தொடங்கினாள். போகப் போகக் குரல் உள்ளே இறங்கியது. டீன் பாதியிலேயே நிறுத்தினார். போன தடவை சென்றது எப்பேர்ப்பட்ட இதய ஆராய்ச்சி, பக்கத்துப் பல்கலைக்கழகம் மரபணுவில் எங்கேயோ போய்விட்டது, நாம் என்னடாவென்றால் டம்ளரும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று பொரிந்து தள்ளினார். ஆசிரியை தரையைப் பார்த்தாள். பேசிப் பேசி டீனுக்குத் தொண்டை காய்ந்தது. மூடியைத் திறந்து கப்பை வாயில் கவிழ்த்தார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். மொத்தமாக ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் மனம் வரவில்லை. கண்ணை இறுக மூடி விழுங்கிவிட்டார்.

"என்ன கருமம் இது? தண்ணி கெட்டுப்போச்சா?"

கத்தரிக்கோல் எழுந்து நின்றாள். வேலையே போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தாள். "கெட்டுப்போகல சார். நம்ம ஆஸ்பத்திரி பக்கவாத வார்டுல தர்ற தண்ணிதான். நான்தான் கலக்கினேன்."

"விளையாடுறீங்களா? முதல்ல வெறும் தண்ணி கொண்டுவாங்க!"

"இதைத்தான் சார் அவங்களும் கேக்குறாங்க."

சொன்னது ஆசிரியை. குரல் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் இந்தத் தடவை உள்ளே இறங்கவில்லை.

"தினமும் கேக்குறாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறாங்க. யாருக்குக் குடுக்கலாம், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு நமக்குச் சரியாத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன். சென்சார் வேண்டாம் சார். கப்பு நல்லாத்தான் இருக்கு."

புள்ளியியல் பேராசிரியை தன் கப்பைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள். "யாருக்காவது காய்ச்சல் வந்தா எப்போ நிறுத்துவீங்க? யாரு கண்காணிப்பாங்க?" அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான். ஆசிரியை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

நரம்பியல் துறைத் தலைவர் மட்டும் கப்பை ஒற்றை விரலால் தள்ளி வைத்தார். "இந்தத் தண்ணி விவகாரத்துல என் பேரை இழுக்காதீங்க. முதல்லயும் வேண்டாம், கடைசியிலயும் வேண்டாம்."

ரொம்ப நல்லது சார் என்று கத்தரிக்கோல் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கை தூக்கச் சொன்னபோது டீன் தூக்கவில்லை. தூக்கியவர்களே அதிகம். விண்ணப்பம் ஆசிரியையின் பெயரில், ஒரு எழுத்து மாறாமல் போனது.

அடுத்த நாளே கத்தரிக்கோலுக்கு மெமோ வந்தது. உறுப்பினர்களின் குடிநீரில் கலப்படம் செய்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். "உறுப்பினர்களுக்குத் தந்தது, நம் நோயாளிகளுக்கு நாம் தரும் தண்ணீர்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாள்.

டீனின் செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சேத்துருங்க மேடம். இத்தோட முடிச்சுக்கலாம்."

"எனக்கு வெட்டத்தான் தெரியும். சேக்கத் தெரியாது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் மாமனாருக்குக் கப்பை நீட்டிக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"முழுசாக் குடிச்சானா?"

"ஒரு வாய்தான் மாமா. அப்படியே வெச்சுட்டாரு."

அவர் தன் கப்பை எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல கையால் அதை அவள் பக்கமே தள்ளினார்.

"மிச்சத்தையும் குடிக்கச் சொல்லு."