பூசிய முகம்

மகளுக்கு இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, சூசைராஜ் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டான். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நான் உன் வேஷத்தில் நிற்கிறேன், அட்டைச் சிலுவை வேண்டாம், நிஜ மரத்தையே சுமக்கிறேன், என் பிள்ளையை மட்டும் விட்டுவிடு. இவ்வளவுதான் நேர்ச்சை. சொல்லி முடித்ததும் யாரோ கையொப்பம் வாங்கிக்கொண்டது போல அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

புனேக்குப் பக்கத்திலிருக்கும் சாகணில் கார் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் அவனுக்குப் பிரஸ் மெஷினில் வேலை. ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான கையோடு ரெஜினாவை அழைத்து வந்து விஷ்ராந்த்வாடியில் குடியேறினான். ஷைனி பிறந்ததும் வளர்ந்ததும் புனேயில்தான். முதல் தடவை நோய் வந்தபோது இரண்டு வருஷம் மருந்து ஏற்றி விரட்டியிருந்தார்கள். முடி மறுபடி வளர்ந்து, ரிப்பன் கட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அதற்குள் இது.

வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வருஷாவருஷம் பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவை சுமந்து போனதை ஸ்தலம் ஸ்தலமாக நின்று நடித்துக் காட்டும் சிலுவைப்பாதையைத் தெருவில் நடத்துவார்கள். இயேசுவாக நிற்க ஆள் கிடைப்பதுதான் எப்போதும் பாடு. ஏப்ரல் வெயிலில் வெறுங்காலோடு தாரில் நடக்க யார் வருவார்கள்? சூசைராஜ் தானாக வந்து கேட்டதும் பங்குச்சாமியார் இன்னாசி உடனே சம்மதித்தார். அவர் இளவயதுக்காரர், நேர்ச்சையின் காரணத்தையும் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

சிக்கல் புனேயின் பணக்காரப் பகுதியான பாணேரிலிருந்து வந்தது. அங்கே ஐடி கம்பெனி ஒன்றில் பெரிய வேலையிலிருந்த மனோஜ் அந்த வருஷம் ஏற்பாட்டுக் குழுவில் சேர்ந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரன், கெட்டவன் இல்லை. சொந்தச் செலவில் மூன்று காமிரா, ஒலிபெருக்கி எல்லாம் வைத்து, சிலுவைப்பாதையை யூடியூபில் நேரலையாகக் காட்டுவதாகச் சொன்னான். துபாயிலும் குவைத்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் உற்சாகம். குழுக் கூட்டத்தில் அவன் மடிக்கணினியைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினான். நீலக் கண், பொன்னிறத் தலைமுடி, பால் போன்ற நிறம். வீட்டுக்கு வீடு காலண்டரில் தொங்கும் அதே முகம்தான். இந்த முகத்துக்குப் பொருந்துகிற மாதிரி தன் அலுவலகத்தில் ரெனால்டு என்ற மங்களூர்ப் பையன் இருப்பதாகவும், சூசைராஜ் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனாக நிற்கலாம் என்றும் சொன்னான்.

"சூசையண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. சனங்க மனசுல ஒரு மொகம் இருக்குதுங்க. அத மாத்துனா பக்தி வராது."

பங்குச்சாமியார் குறுக்கிட்டார். இயேசு யூதர், அந்த நாட்டு வெயிலில் தச்சு வேலை செய்தவர், நிச்சயம் இந்தப் படத்து நிறமாய் இருந்திருக்க மாட்டார் என்றார். அவர் எந்த நிறம், எவ்வளவு உயரம் என்று நான்கு நற்செய்தியிலும் ஒரு வரிகூட இல்லை என்றும் சொன்னார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். குழுத் தலைவர் மரியநாயகம் ராணுவ அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷமாகப் புனேக்காரர். "அது டீக் ஹை ஃபாதர், ஆனா காமிரால சூசை மூஞ்சி தெரியவே தெரியாதே" என்றார். சிலர் சிரித்தார்கள். அவரும் நல்ல மனசோடுதான் சொன்னார்.

சூசைராஜுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற நிலைமையில் அவன் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், ஆலை வாசலில், பேருந்தில் என்று நிறத்தைப் பற்றி எத்தனையோ கேட்டாயிற்று. அவனுக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. நேர்ச்சை முறிந்தால் பிள்ளை போய்விடும். கள்வனாக நிற்கிறேன் என்று அவன் நேர்ந்துகொள்ளவில்லை. கூட்டம் கலைகிற நேரத்தில் மனோஜின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு வெள்ளப் பெயிண்ட் அடிச்சி விட்டுருங்க. எவ்வளவு வேணாலும் அடிங்க. நான் அசையாம நிக்கேன். இத மட்டும் எங்கிட்டருந்து எடுத்துராதீங்க."

மனோஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன அண்ணா இது என்றான். அப்போதுதான் பங்குச்சாமியார் ஷைனியைப் பற்றி அவனிடம் சொன்னார். அதன்பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. மராத்தி நாடகங்களுக்கு ஒப்பனை செய்கிற ஷிர்கே என்பவரை வரவழைப்பது என்று முடிவாயிற்று.

ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டதும் ரெஜினா கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள், "யாருக்கு நேந்திய? சாமிக்கா, காமிராவுக்கா?" ஷைனிக்கு மட்டும் விஷயம் பிடித்துப்போயிற்று. மறுபடி மொட்டையாகியிருந்த தலையைத் தலையணையில் உருட்டிக்கொண்டு சிரித்தாள். அப்பா வெள்ளையானால் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து பார்த்தாள். நிறத்தில் அவளும் அவனைக் கொண்டுதான் பிறந்திருந்தாள். மொபைலில் பார்ப்பேன், கட்டாயம் எனக்குக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது. மருந்து அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எல்லாம் துடைத்துப்போட்டிருந்தது. எந்தக் கிருமி வந்தாலும் தடுக்க ஆள் இல்லை. கோயில் பக்கத்துப் பள்ளிக்கூட அறையில் ஷிர்கே அவன் நெற்றியிலிருந்து பூச ஆரம்பித்திருந்தபோது ரெஜினாவின் போன் வந்தது. ஐசியுவுக்கு மாற்றுகிறார்கள் என்றாள். அவன் எழுந்துவிட்டான். கழுத்துவரை துணி போர்த்தி, பாதி முகம் வெள்ளையாக, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். இப்போதே வருகிறேன் என்றான்.

"வந்து என்ன செய்யப் போறிய? உள்ள விட மாட்டாவ. நேந்தத முடிச்சிட்டு வாங்க."

நேர்ச்சையைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள் அப்படிச் சொன்னதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அவளும் இனிப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டாள். அவன் மறுபடி உட்கார்ந்தான். ஷிர்கே கழுத்து, கை, கால், விரலிடுக்கு எல்லாம் பூசி, தேன் நிறப் பொய்முடியை வைத்து, தாடி ஒட்டினார். கண்ணாடியில் யாரோ ஒருத்தன் இருந்தான்.

மதியம் தொடங்கியது. மரச்சிலுவையைத் தோளில் ஏற்றியதும் சூசைராஜுக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. மரம் கனத்தது. ஒவ்வொரு அடிக்கும் பிள்ளை பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்தான். தமிழ்க் குடும்பங்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தன. கடைக்காரர்களும் ரிக்ஷாக்காரர்களும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மராத்திக் கிழவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். ஆனால் ஆளந்தி சாலைப் பக்கம் திரும்பியதும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. பூச்சுக்கு அடியில் வியர்வை வெளியே வர வழியில்லாமல் கொதித்தது. பிறகு உடைத்துக்கொண்டு கண்ணுக்குள் இறங்கியது. எரிச்சலில் வழி தெரியவில்லை. விழ வேண்டிய இடம் வருமுன்னே நிஜமாகவே விழுந்தான்.

எழுப்பிவிட வந்தவர்களில் அவனோடு ஆலையில் வேலை செய்கிற ராம்கியும் இருந்தான். இந்து, துணைக்கு வந்திருந்தான். சூசைராஜின் போன் அவனிடம்தான் இருந்தது. காதருகே குனிந்து, அண்ணி பேசினார்கள் என்றான். தயங்கினான். சூசைராஜ் அவன் சட்டையைப் பிடித்தான்.

"நர்ஸ் உள்ள போன கொண்டுபோய்க் காட்டுறாங்களாம், பாப்பா பாத்துட்டுத்தான் இருக்கா. ஆனா அழுவுறாளாம். இது எங்கப்பா இல்ல, யாரையோ அடிக்கிறாங்க, எங்கப்பா எங்கன்னு கேக்குறாளாம்."

சாட்டை வைத்திருந்த போர்வீரன் கை ஓங்கியபடியே காத்திருந்தான். சூசைராஜ் மறுபடி சிலுவையைத் தூக்கினான். நடக்க நடக்க ஒரு கணக்கு அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பிள்ளைக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், மேலே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? சுமக்கிறவன் சூசைராஜ் என்று எந்தக் கணக்கில் சேரும்? அப்படி யோசிப்பது பைத்தியக்காரத்தனம் என்றும் தெரிந்தது. தெரிந்தும் விட முடியவில்லை.

ஆறாம் ஸ்தலம். வெரோனிக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இயேசுவின் முகத்தைத் துடைக்கிற இடம். வெரோனிக்காவாக நின்றது பெனிட்டா என்ற கல்லூரிப் பெண். தமிழ் வாசிக்க வராது, வசனத்தைத் தேவநாகரியில் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். வெள்ளைத் துணியோடு முழந்தாளிட்டு, பூச்சு கலைந்துவிடாதபடி முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் அப்படித்தான் பிடித்தாள். சூசைராஜ் சிலுவையைக் கீழே வைத்தான். அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்கி முகத்தைத் தேய்த்தான். நெற்றி, கன்னம், கழுத்து. ஒட்டுத்தாடி துணியோடு வந்தது. பொய்முடியைக் கழற்றிச் சாலையில் போட்டான். துணி பற்றாமல் அங்கியின் ஓரத்தை எடுத்துக் கைகளைத் தேய்த்தான்.

பாட்டு நின்றுவிட்டது. மரியநாயகம் ஓடி வந்து, அரே என்ன பண்றே, பைத்தியமா, பாகல் ஹோ கயா என்று பல்லைக் கடித்தார். சூசைராஜ் அவரைப் பார்க்கவில்லை. மிகப் பக்கத்திலிருந்த காமிராவை நோக்கித் திரும்பினான்.

"ஷைனி, அப்பாதாம்மா. இங்க பாரு. நாந்தான்."

பெனிட்டா அழுதுகொண்டே, வசனத்தை மறந்து, முழந்தாளிலேயே இருந்தாள். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். புனிதமான இடத்தில் என்ன கூத்து என்று ஒருவர் உரக்கவே சொன்னார். பங்குச்சாமியார் ஒலிவாங்கியை வாங்கி, நிதானமாக, அடுத்த ஸ்தலத்தின் செபத்தைத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் கூட்டம் பதில் செபம் சொன்னது. சூசைராஜ் சிலுவையைத் தூக்கினான். அதற்குப் பிறகு அவன் முறைப்படிதான் விழுந்தான், முறைப்படிதான் எழுந்தான். மைதானத்தில் சிலுவையில் கட்டி நிறுத்தினார்கள். கடைசி வார்த்தைகளை வரிசை தவறாமல் சொன்னான். என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற இடத்தில் மட்டும் அவன் குரல் நாடகக் குரலாக இல்லை.

இறக்கிவிட்ட உடனே மனோஜ் வந்தான். கண் கலங்கியிருந்தது. மன்னிச்சிருங்கண்ணா என்றவன், சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தான். பொய்முடி கழன்ற அந்த நிமிஷம் தானே காமிராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டானாம். அப்புறம் கடைசிவரை தூரத்துக் காட்சிதான் போயிற்றாம். சூசைராஜின் முகம் எங்கேயும் தெரிந்திருக்காது.

சூசைராஜ் வண்டியை நோக்கி நடந்தான். ராம்கி பைக்கைக் கிளப்பினான். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அவனைத் தடுத்தான். சிவப்புச் சாயம் தோய்ந்த அங்கி, வெறுங்கால், வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாய் முகம். விபத்து கேஸ் என்று நினைத்து, சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தான். எனக்கு ஒன்றுமில்லை, மேலே என் மகள் இருக்கிறாள் என்று சூசைராஜ் இந்தியில் சொன்னதை அவன் நம்பவில்லை. போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றான். கடைசியில் சூசைராஜ் அந்தக் காவலாளியின் காலையே தொட்டுவிட்டான். அன்று முழுக்கப் போட்ட வேஷத்தில் அடி வாங்கியபோதெல்லாம் வராத அழுகை அங்கே வந்தது. ரெஜினா இறங்கி வந்து இவர்தான் அப்பா என்று சொன்ன பிறகே விட்டார்கள்.

ஐசியு நர்ஸ் கைகளை முழங்கைவரை கழுவச் சொல்லி, பச்சை அங்கியும் முகக்கவசமும் கொடுத்தாள். ஷைனிக்கு மூச்சுக்குழாய் வைக்கவில்லை, பிராணவாயு மட்டும் போய்க்கொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவன் குனிந்து பெயர் சொன்னான். அவள் பார்த்தாள். தெரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத பார்வை. அவன் நர்ஸைப் பார்த்துக்கொண்டே ஒரு நொடி முகக்கவசத்தை இறக்கினான்.

"வந்துட்டியா" என்றாள் பிள்ளை. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

வெளியே வந்ததும் ரெஜினா தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததைத் துடைக்கத் தொடங்கினாள். பாதி வழி வேறொருத்தன் முகத்தோடு போய்விட்டேனே, நேர்ச்சை சேருமா என்று அவன் கேட்டான்.

"எனக்குத் தெரியாது. தலையச் சாச்சிக் காட்டுங்க" என்றாள்.

ஈஸ்டர் கழிந்து பல நாட்களுக்குப் பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. மருந்தை மாற்றியது வேலை செய்துவிட்டது என்றார் டாக்டர். சூசைராஜ் தலையாட்டினான். நோய் போய்விட்டதா என்று கேட்டதற்கு, அது வேறு கேள்வி, இன்னும் பல சுற்று இருக்கிறது, உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். மனோஜ் ஒருமுறை பழங்களோடு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். அடுத்த வருஷத்துக்கு ரெனால்டிடம் பேசிவிட்டதாக மரியநாயகம் யாரிடமோ சொன்னது காதுக்கு வந்தது. சூசைராஜுக்கு அது எங்கோ நடக்கிற சங்கதி போலிருந்தது.

அடுத்த சுற்று மருந்து ஏறத் தொடங்கிய காலையில், ரெஜினா ஜெபமாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். இன்னொன்றை அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். மணிகளை உருட்டினான். எதைக் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கேட்பதற்கு அவனிடம் இப்போது ஒன்றும் மிச்சமில்லை. சும்மா, மகள் பெயரை மட்டும் சொன்னான். பிள்ளையின் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குளிர்ந்திருந்தது. மாலையைக் கீழே வைத்துவிட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.