செலினியத்துக்குள் ஓர் இடம்

எங்கள் ஆய்வகத்தில் ஒளியைச் செலினியத்துக்குள் அனுப்பினால், அது திரும்பி வந்து உள்ளே கண்டதைச் சொல்லும். படிகமாகாத செலினியம், கறுப்புக் கண்ணாடித் துண்டு போல இருக்கும். உள்ளே அணுக்கள் வரிசையில்லாமல் இருப்பதால், யார் பக்கத்தில் யார் என்பதை ஒளியிடம்தான் கேட்க வேண்டும்.

என் ஒளி பச்சையாகப் போய், பச்சையாகவே திரும்பும்.

“என்ன பார்த்தே?” என்று அதைக் கேட்பேன்.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

என்னோடு வேலை பார்க்கும் ஜெசிந்தாவின் ஒளியும் அதே லேசரிலிருந்துதான் போகிறது. ஆனால் திரும்பும்போது அதன் நிறம் லேசாக மாறியிருக்கும்.

“அக்கா, ஒரு மூலைல எட்டுப் பேர் வட்டமா உக்காந்திருக்காங்க. மத்தவங்க கை கோத்துக்கிட்டு நீளமாப் போறாங்க. முடிவே தெரியலக்கா.”

“மூச்சு விட்டுச் சொல்லுடா கண்ணு” என்பாள் அவள்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது.

வெள்ளிக்கிழமை லேசர் கருவியை எங்களில் ஒருத்தியிடம் ஒப்படைப்பதாக ஆய்வகத் தலைவர் வேதமணி சார் சொன்னார். “ஒளி யார்கிட்ட பேசுதோ அவங்களுக்கு. இன்னொருத்தங்க நூலகத்துல இருக்கட்டும்.”

வியாழக்கிழமை, ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்தபோது, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நானே செலினியத்துக்குள் போனேன். உள்ளே நெருக்கமாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டு, ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைத் தாண்டி யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஜெசிந்தாவின் ஒளி வந்தது. ஒவ்வொருவரிடமும் நின்று, “நல்லா இருக்கீங்களா?” என்று விசாரித்தது. இதை அவள்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று நினைத்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

“உங்க பேரு?”

“ஜெசிந்தா” என்றேன்.

அது வெளியே போய் அப்படியே சொன்னது. சாரின் குரல் கேட்டது. “நீதான் உள்ள இருக்கியேம்மா. அப்புறம் இங்க ஏன் நிக்கிற?”

“ஆமால்ல சார், நான் கவனிக்கவே இல்ல.” டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா கிளம்பிப் போனாள்.

அவள் போய்விட்டதால் கருவி எனக்கென்று சார் அறிவித்தார். வாங்கிக்கொள்ள எழுந்தேன். இரண்டு பக்கத்தாரும் கையை விடவில்லை. அவர்களும் எழுந்தார்கள். அவர்கள் கையைப் பிடித்திருந்தவர்களும் எழுந்து, எல்லோருமாக என் பின்னால் ஆய்வகத்துக்குள் வரத் தொடங்கினார்கள். மதியத்துக்கு மேலும் வந்துகொண்டே இருந்ததால், சார் இரட்டைக் கதவின் மறுபாதியையும் திறந்துவிட்டார்.