கெட்ட சேதிக்கு ஓர் உண்டியல்

கீழ்வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளைக் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு அவள் மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஊரிலுள்ள லிஃப்ட் அத்தனையிலும் ஏறி இறங்கி, கயிறு சரி, கதவு சரி என்று கையெழுத்துப் போடுவதையே உத்தியோகமாகக் கொண்ட மனிதர், குடியிருக்கத் தேடிப் பிடித்த வீடு அது. "உள்ள என்னென்ன கோளாறு இருக்கும்னு தெரிஞ்சவன் எவனும் அதுல ஏற மாட்டான்" என்பார். இன்று காலை வேலைக்குப் புறப்பட்டவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். கால் ஏமாற்றவில்லை. நெஞ்சு ஏமாற்றிவிட்டது.

"புருஷன் போன அன்னிக்கு நாற்காலி சுமக்குற பொம்பளைய இப்பத்தான்டி பாக்குறேன்!" என்று மேலேயிருந்து அக்கா கத்தினாள். அக்கா மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். கத்தினால், எழுந்த குழந்தை பயந்துபோய் மறுபடி தூங்கிவிடும்.

"உக்காந்தா அழணும்க்கா. வர்றவங்களுக்கு இடம் வேணாமா?"

பின்னாலிருந்து ஒரு கை வந்து நாற்காலியைப் பிடித்தது. ஒல்லியான மனிதர், மூச்சு வாங்க நின்றார்.

"ஏம்மா, உண்டியல் வீடு இதுதானே?"

"உண்டியலெல்லாம் இங்க வைக்கலீங்க. இது சாவு வீடு."

"தெரியும்மா. உண்டியல் செத்துட்டான்னுதான் வந்திருக்கேன்" என்று சொன்னவர், அந்த நாற்காலியைப் படியிலேயே போட்டு உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தார்.

கால் நூற்றாண்டு குடித்தனம் நடத்தியவளுக்குத் தன் புருஷனின் கல்லூரிப் பட்டப்பெயர் அன்றுதான் தெரிந்தது. கஞ்சத்தனத்துக்கு வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டாள். பொருத்தமாகத்தான் இருந்தது.

"நான்தான் தங்கச்சி, அண்டா" என்றார் வந்தவர், மூக்கைத் துடைத்தபடி. அண்டாவைச் சட்டைக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பலமாகக் காற்றடித்தால் சட்டை மட்டும் மொட்டை மாடிக்குப் போய்விடும்போல் இருந்தது.

உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது. ஏதோ ஒரு டாக்டரின் கையெழுத்துக்காக மகன் அங்கே காத்திருந்தான். மாலைக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குள் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. இந்தக் கல்லூரிக் கூட்டம் மொத்தமும் வரும். அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் புருஷன் சாயங்காலமானால் போனோடு பால்கனிக்குப் போய்விடுவார். எதிர்முனையில் கல்லூரி நண்பர் யாராவது இருப்பார்கள். இவர் பேசமாட்டார். "ம்… ம்ம்… ம்" என்று கேட்டுக்கொண்டே நிற்பார். அவர் சொன்ன 'ம்'களை அடுக்கி ஏணி கட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். வீட்டுக்குள் வந்தபிறகு அந்த 'ம்'மும் கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் அவள், "உங்க காதெல்லாம் அவங்களுக்கே தேஞ்சுபோச்சு. எனக்கு மிச்சம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மழைக்காலம் தொடங்கும்போது போனவள், அது முடிந்தபிறகுதான் திரும்பினாள். கதவைத் திறந்தவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பஸ்ல கூட்டமா?" என்றார். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் மீன்முள்போலத் தொண்டையில் நின்றுவிட்டது. அந்த மாதங்களில் பால்கனியில் நின்று இவர் என்னென்ன சொன்னாரோ? பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன கதையைத் தவணை தவணையாக யார் யாரெல்லாம் கேட்டார்களோ? அது தெரியாமல் அவரை அனுப்பிவைக்க அவளுக்கு மனசு இல்லை.

கூடம் நிறைந்தது. வந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் குறைவாக இருந்தது, கலக்கம் அதிகமாக இருந்தது. சாவு வீட்டுக்காரியைப் பார்க்கிறமாதிரி இல்லை. சீருடையில் நிற்கும் போலீஸைப் பார்க்கிறமாதிரி இருந்தது. 'எல்லாம் தெரிஞ்சிருக்கு' என்று அவள் முடிவு கட்டினாள்.

முதலில் அண்டா, தண்ணீர் கேட்கிற சாக்கில் வந்தார்.

"தங்கச்சி… அவன் என்னப் பத்தி உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லியேண்ணா."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

"நெஜமா?" என்றார். அவள் தலையசைக்க, அவர் நம்பாமல் ஒரு சொம்புத் தண்ணீரையும் நின்றபடியே குடித்தார். கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

அடுத்தது குயில். பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியை. குரல் இன்னும் குயில்தான், ஆனால் ஆயிரம் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குயில். அடுப்படிக்கு வந்து, கழுவிவைத்த டம்ளர்களை மறுபடி கழுவினாள்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒளிவுமறைவு இருக்காது இல்லம்மா?"

"எந்த வீட்டுலங்க?"

குயிலின் கை நின்றது. "எந்த வீட்டுலன்னா? ஏன் அப்படிக் கேக்குற? யார் வீட்டச் சொல்ற?"

"பொதுவாத்தாங்க சொன்னேன்."

"பொதுவா யாரும்மா சொல்லுவா!" என்று குயில் மூன்றாம் தடவையாகக் கழுவ ஆரம்பித்தாள். அந்த டம்ளர்களுக்குப் பேச வந்திருந்தால், 'போதும் தாயே' என்று கும்பிட்டிருக்கும்.

"என்னடி இது?" என்று அக்கா அவளைக் காதோரம் இழுத்தாள். "ஒவ்வொருத்தரா வந்து உன்னக் குசுகுசுன்னு விசாரிக்கிறாங்க. இவரு ஏதாவது ஏடாகூடமா பண்ணிவச்சிருக்காரா?"

"அதத்தான்க்கா நானும் தேடிட்டிருக்கேன்."

பாத்ரூம் வாசலில் மடக்கினார் ஃபாரின். குளிர்க்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருந்தார். "சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி…"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "சொன்னாருங்க. உங்களப் பத்தி எல்லாமே சொன்னாரு."

ஃபாரினின் முகம் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தியாயிற்று. "பார்க்கிங்கையுமா?"

"அதையும்தான்" என்றாள், எந்தப் பார்க்கிங் என்று தெரியாமலே.

ஃபாரின் சுவரோடு சாய்ந்தார். கண்ணாடி நழுவி மூக்கில் விழுந்தது. "ஏர்போர்ட்டுலதான் வேலைன்னு சொன்னேன், அது பொய்யில்ல சிஸ்டர். கார்க்காரங்களுக்குச் சீட்டுக் கிழிச்சுக் கொடுக்கிறேன். அவனுங்களாதான் நான் வாரத்துக்கு ஒரு தேசம் போறேன்னு நினைச்சுக்கிட்டானுங்க. நான் போட்ட போட்டோவுல ஒண்ணாவது பிளேனுக்குள்ள எடுத்தது உண்டா? சொல்லுங்க!" கொட்டித் தீர்த்ததும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. "எங்க வழக்கம் அது. நல்ல சேதி குரூப்புக்கு. கெட்ட சேதி உண்டியலுக்கு. போட்டா வெளிய வராது இல்ல? அதான் அந்தப் பேரு. காலேஜ்லயே அப்படித்தான்."

அவள் மெல்லப் புரிந்துகொண்டாள். போனில் அவர்கள் வைத்திருந்த அந்தக் குரூப்பை அவளும் எட்டிப் பார்த்திருக்கிறாள். அதன்படி ஐம்பதைத் தாண்டிய அவ்வளவு பேரில் ஒருவருக்கும் முழங்கால் வலிக்கவில்லை, ஒருவர் பிள்ளையும் பரீட்சையில் தோற்கவில்லை, ஒருவர் தலையிலும் நரை இல்லை. அண்டா தினமும் விடிகாலையில் ஓடினார். குயிலின் கல்யாண நாளுக்கு வருடா வருடம் ஜோடியாகப் படம் வந்தது. படங்களில் குயிலின் புருஷனுக்கு மட்டும் வயதே ஏறவில்லை.

"குரூப் ஆரம்பிச்சதுலேருந்து வந்த மொத கெட்ட சேதி, உங்க பையன் இன்னிக்குப் போட்டதுதான்" என்றார் ஃபாரின். "என்ன பதில் போடுறதுன்னு எவனுக்கும் தெரியல. அண்டா பழக்கதோஷத்துல கைதட்டுற பொம்மைய அனுப்பிட்டான்."

"அவரு எங்களப் பத்தி என்ன போடுவாரு?"

"'வீட்டில் அனைவரும் நலம்.' எப்பவும் அதேதான்."

"அவரோட கெட்ட சேதிய யார்கிட்ட சொன்னாரு?"

ஃபாரின் கண்ணாடியை மறுபடி தலைக்கு ஏற்றினார். "அவனுக்குக் கெட்ட சேதி இருந்துச்சா?"

இப்போது விசாரணை திசை மாறியது. டீ கொடுக்கிற சாக்கில் அவள் ஒவ்வொருவராகப் போனாள். உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? அண்டா இல்லை என்றார். குயில் இல்லை என்றாள். எல்லாருமே இல்லை என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருப்பவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

பால்கனியில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அவளிடம் எதுவுமே கேட்காத ஒரே ஆள். கேட்காதவன்தானே எல்லாம் தெரிந்தவன்! அவரைப் பூட்டு என்றார்கள். கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை. அங்கே 'சத்தம் போடாதீர்கள்' என்று மாட்டியிருக்கும் பலகையே அவருக்குப் பக்கத்தில் வாயாடி என்று சொல்லும்படியான மனிதர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டியிருக்குமே என்று பெண் பார்க்கக்கூடப் போகவில்லையாம்.

டம்ளரை நீட்டினாள். "நீங்க ஒண்ணும் கேக்கலியே?"

"என்ன கேக்கணும்?"

"உங்களப் பத்தி ஏதாவது சொன்னாரான்னு."

"என்னப் பத்தி ஒண்ணும் இல்ல."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"எங்களப் பத்தி உங்ககிட்ட சொன்னாரா?"

"போன் பண்ணுவான்."

"எப்ப?"

"கொஞ்ச வருஷம் முன்ன. ஒரு மழைக்காலம் பூரா. தெனம், சாப்பிடுற நேரத்துக்கு."

அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன பேசுவாரு?"

"பேச மாட்டான். சாப்பிடப் போறியான்னுவான். ஆமாம்பேன். போன பக்கத்துல வச்சுட்டு ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

"பேசாமயா?"

"தட்டுச் சத்தம் கேக்கும். தண்ணி குடிக்கிறது கேக்கும்."

"என்னப் பத்தி…"

பூட்டு டீயை ஒரு வாய் குடித்தார். "ஒரு தடவ சொன்னான்."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பமுடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி கிளம்பிப் போகும்வரை அவளுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"என்னன்னு?"

"உப்பு ஜாஸ்தியாயிடுச்சுன்னு."

இன்னும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அப்புறம் ஒரு நாள் 'நாளைக்கு வேணாம்டா'ன்னான். சரின்னேன்."

"ஏன்னு கேக்கலியா?"

"கேக்கல." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, அவர் ஆயுளிலேயே நீளமான வாக்கியத்தைச் சொன்னார்: "நான்தான் அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் போன பக்கத்துல வச்சுட்டே சாப்பிட்டேன்."

கூடத்தில் ஃபாரின் அண்டாவின் விலாவில் இடித்தார். "டேய், பூட்டு பேசுறான்டா! யாரப் பத்திடா பேசுறான்?"

அதற்குள் கீழே ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது.

மூன்று மாடி. கல்லூரிக் கூட்டம்தான் தூக்கும் என்று கூட்டமே தீர்மானித்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அண்டா தடுமாறினார். "தெனமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடுறவன் மூச்சு வாங்குறத பாரு" என்று ஒருவர் சிரிக்கப்பார்த்தார்.

மேலேயிருந்து இறங்கிவந்த அவள், அந்தச் சட்டைக்குள் எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். "அவருக்கு முதுகு பிடிச்சிருக்கு. எங்கிட்ட மத்தியானமே சொன்னாரு. அண்ணா, நீங்க பிடிங்க" என்று ஃபாரினைக் கைகாட்டினாள்.

அண்டா கையை விட்டுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார். தான் சொல்லாத முதுகுவலியைச் சொன்ன அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை 'நெஜமா' என்று கேட்கவில்லை.

மயானத்தில் எல்லாம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பியபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்திருந்தன. மகனைக் குயில் அதட்டிச் சாப்பிடவைத்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியையின் அதட்டலுக்கு அவன் நாலு வாய் சாப்பிட்டான்.

"இவ பல்லுல காலைலேருந்து பச்சத்தண்ணிகூடப் படல" என்று அக்கா கூட்டத்திடம் முறையிட்டாள். அண்டா கெஞ்சினார். ஃபாரின் கும்பிட்டார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு என்ன தோன்றியதோ, எழுந்தாள். ஒரு தட்டை எடுத்தாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கே பூட்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

கூடத்தில் அத்தனை கழுத்தும் பால்கனிப் பக்கம் திரும்பியது.

"எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கான்டா" என்று ஃபாரின் கிசுகிசுத்தார்.

"என்னத்த சொல்லுவான்?"

"அதான் கேக்கமாட்டேங்குதே!"

அக்காவால் தாங்கமுடியவில்லை. ஊறுகாய் கொண்டுபோகிற சாக்கில் எட்டிப்பார்த்தாள். குனிந்து தங்கையின் காதில், தன்னளவில் ரகசியமாக, "என்னடி சொல்றாரு அவரு?" என்றாள். மூன்று வீடுகளுக்குக் கேட்டது.

"ஒண்ணும் சொல்லலக்கா."

"இவ்வளவு நேரம் ஒண்ணுமேவா சொல்லல?" அக்கா ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பாமலே உள்ளே போனாள்.

பூட்டு சாப்பிட்டு முடித்திருந்தார். கை கழுவ எழவில்லை. தட்டை லேசாக ஓரம் தள்ளிவிட்டு, அவள் மெதுவாக, ஒவ்வொரு பிடியாக எடுத்து முடிக்கும்வரை, கை காயக் காய அங்கேயே உட்கார்ந்திருந்தார்.