பெரியவர் சாப்டாரா?

ரத்தம் யாருடையது என்று முதலில் தெரியவில்லை.

சமையலறைத் தரையில் இரண்டு கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன. வேகவைத்த கோழியும் சோறும் அலமாரிக்கு அடிவரை சிதறியிருந்தன. நடுவில், கையில் கரண்டியோடு, பனியன் வியர்வையில் ஒட்ட நின்றுகொண்டிருந்தார் டிரைவர். ஆயுசில் பாதியைச் சரக்கு லாரியில் கழித்தவர். மலையிறக்கத்தில் பிரேக் கைவிட்ட அன்றுகூட அவர் இப்படித் திணறியதில்லை. நாலு நாய்களுக்கு ஒருவேளை சாப்பாடு போடுவதில் இவ்வளவு இருக்கிறதா?

மேசைக்கு அடியில் ரௌடி உறுமிக்கொண்டிருந்தான். சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தபால் என்பவன் விடாமல் குரைத்தான். தபால்காரரைக் கண்டால் தெருக்கோடி வரை விரட்டிக்கொண்டு போவதில் வந்த பெயர் அது. வீரமெல்லாம் வாசலுக்கு வெளியேதான். குண்டுவுக்கோ ஊரே பற்றி எரிந்தாலும் கவலையில்லை. சிதறியதையெல்லாம் நக்கித் தரையைப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டிருந்தாள். பின்வாசல் கதவோரம் தலையைச் சாய்த்தபடி நின்றிருந்த கிழநாயின் காதிலிருந்துதான் ரத்தம் சொட்டியது.

அதன் பெயர் பெரியவர்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. டிரைவரின் மனைவி. முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளுக்குத் துணையாகப் போய் ஒரு வாரமாகிறது.

"ஏங்க, பெரியவர் சாப்டாரா?"

"சாப்டார், சாப்டார்."

"ரௌடி?"

"அவனுக்கென்ன, எமன். நல்லா இருக்கான்."

"பின்னாடி என்ன சத்தம்?"

"டிவி."

"டிவில நாயா குரைக்குது?"

"ஆமா, நாய் படம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் முகத்தில் வரும் அசட்டுக் களையைப் பார்க்க, நல்லவேளை, அங்கே நாய்களைத் தவிர யாருமில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று அவருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் எல்லாவற்றையும் சொல்லத்தான் செய்தாள். யாருக்கு எங்கே வைக்க வேண்டும், யாருக்கு முதலில், யாரைக் கடைசியில் அழைக்க வேண்டும் என்று. ஆனால் அதே நேரத்தில் பக்கத்து பஸ்காரன் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். அதுவும் தப்பாக. ஒரு டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பார்? "ஸ்டியரிங்கை ஒடிங்கப்பா, இன்னும் ஒடிங்க, போதும் போதும்!" என்று இவர் பாதி உடம்பைத் திருப்பிக் கத்தி முடித்துத் திரும்பியபோது, மனைவியின் பஸ் கிளம்பி, ஒரு கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

ஆகவே தனக்குத் தெரிந்த வழியில் சாப்பாடு போட்டார். நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளில் நீள பெஞ்சில் முழங்கையோடு முழங்கை இடித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர். சுவரோரமாக நாலு கிண்ணத்தையும் ஒரே வரிசையில் வைத்து விசில் அடித்தார். பசி எல்லோருக்கும் ஒன்றுதானே, பேதமில்லாமல் உட்காரட்டுமே! இந்தச் சமத்துவம் ஒரு வாரம் உறுமலோடு ஓடியது. இன்றைக்குக் காதைக் கிழித்துவிட்டது.

மிருக ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர், தையல் போட்டபடியே விசாரித்தாள்.

"பந்தி போட்டீங்களா? நல்லா இருக்கு சார்! பந்திக்கு முந்துன்னு சொன்னது நமக்கே சரிப்படல, இதுங்களுக்கு எப்படி சரிப்படும்?"

"எல்லாருக்கும் சமமாத்தாம்மா வச்சேன்."

"நீங்க சமமா வச்சா போதுமா? அதுங்க சமம்னு நினைக்கணுமே. ஆளுக்கு ஒரு இடம். ஒண்ணு சாப்பிடறது இன்னொண்ணு கண்ணுல படக்கூடாது. கதவைச் சாத்துங்க. முடிச்சதும் கிண்ணத்தை எடுத்துடுங்க, காலிக் கிண்ணத்துக்கும் சண்டை வரும். இந்த வயசானவருக்குத் தனியா ஒரு ரூம் குடுத்துடுங்க, நிம்மதியா சாப்பிடட்டும்."

"விழுங்கறவ ஒருத்தி இருக்கா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள காலி."

"அவ கிண்ணத்துல ஒரு பெரிய கூழாங்கல்லைப் போடுங்க. கல்லைச் சுத்திச் சுத்தித்தான் தின்னாகணும்."

இது அவருக்குப் பிடித்த மாதிரியான வேலை. லாரி ஷெட்டில் வண்டிகளுக்கு இடம் ஒதுக்குவதுபோல ஒதுக்கினார். ரௌடி குளியலறைக்கு. குண்டு, கூழாங்கல்லோடு கூடத்துக்கு. தபாலுக்கு மாடிப்படி வளைவு. பெரியவருக்குப் படுக்கையறை, அதுவும் மின்விசிறி போட்டு. மறுநாள் காலை ஒவ்வொருவராக உள்ளே விட்டுக் கதவுகளைச் சாத்தினார். உறுமல் இல்லை, குரைப்பு இல்லை. கல்லின் மேல் நாக்கு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஹாரன் கையில் இருந்திருந்தால் அடித்திருப்பார்.

கதவுகளைத் திறந்தார். மூன்று கிண்ணங்கள் கழுவி வைத்ததுபோல இருந்தன. நாலாவது கதவைத் திறந்ததும் பெரியவர் அவர் காலுக்கிடையில் புகுந்து வெளியேறி, மெல்ல நடந்து போய்ப் பின்வாசல் படியருகே படுத்துக்கொண்டார். படுக்கையறைக் கிண்ணம் வைத்தபடியே இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. விளிம்பில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது.

மாலையிலும் அதே கதை. அப்போதுதான் டிரைவர் யோசித்தார். வரிசையாக வைத்த நாட்களில் எல்லாக் கிண்ணமும் காலியாகத்தானே இருந்தது? யார் காலி செய்தார்கள்? கூடத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்த குண்டுவைப் பார்த்தார். அடிப்பாவி! பெரியவர் இன்றைக்குப் பட்டினியை ஆரம்பிக்கவில்லை. மனைவி பஸ் ஏறிய நாளிலிருந்தே கிட்டத்தட்டப் பட்டினிதான். குனிந்து அவரைத் தூக்கினார். காலிச் சாக்கைத் தூக்கியது போலிருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டு, மனைவி ஊரில் இல்லாததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள எதுவும் எடுத்துக்கலன்னா கூட்டிட்டு வந்துடுங்க சார், டிரிப் போடணும்." கொஞ்சம் தயங்கினாள். "இந்த வயசுல டிரிப்லயே ஓட்ட முடியாது. அம்மா ஊர்லேர்ந்து வர முடியாதா?"

வர முடியும். அதுதான் பிரச்சினையே. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அங்கே மகளுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். எழுந்து நடமாடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. இங்கே பெரியவர். மனைவியை அழைத்தால் மகள் தனியாகிவிடுவாள். அழைக்காமல் இருந்து, பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

முட்டையை உடைத்துக் கலந்தார். ஈரல் வாங்கிவந்து வேகவைத்தார். விரலில் எடுத்து மூக்கருகே நீட்டினார். பெரியவர் மரியாதையாக ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் மேல கோவமா பெரியவரே?"

வாலின் நுனி மட்டும் ஒருதடவை தரையைத் தட்டியது. கோபமில்லையாம்.

இந்த நாயை முதன்முதலில் பார்த்த காலை அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது. வீட்டுக்கு எந்த நாய் வந்தபோதும் அவர் வீட்டில் இருந்ததில்லை. லாரியில் நீண்ட நடை போய்த் திரும்பும்போதெல்லாம் ஒன்று கூடியிருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். தெருமுனையில் லாரியை நிறுத்தி, தோளில் பையோடு, டீசல் வாசனையோடு கதவைத் தட்டினார். திறந்த கதவுக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி அளவு குட்டி, அவரைத் திருடனென்று நினைத்து, நாலு காலும் எகிறக் குரைத்தது. மகள் ஸ்கூல் யூனிபார்மில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். "யாருடி இவன்?" என்று கேட்டார். மனைவி குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அவன் இவன்னு சொல்லாதீங்க. நீங்க இல்லாதப்ப வீட்டுக்குப் பெரியவர் இவர்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். அடுத்த நடைக்குப் போகும் வழியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதை நினைத்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அந்த வீட்டு வாசனைதான் எத்தனை இரவுகள் அவரை ஓட்டவைத்தது! எந்நேரம் வந்தாலும் சூடாகத் தட்டு வரும். அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "நீ?" என்பார். "நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம்" என்பாள். லாரியை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும் அதே பதில்தான். அவர் சாப்பிட்டுக் கை கழுவி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த 'அப்புறம்' எப்போது, எங்கே நடக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, மனைவி குளிக்கப் போயிருக்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணி மகளுக்குப் போன் போட்டார். காதிலிருந்து ஈரல்வரை எல்லாவற்றையும் கொட்டினார்.

"அம்மாகிட்ட மூச்சு விடாதே."

"விட மாட்டேன். ஆனா இங்க தினமும் 'பெரியவர் சாப்டாரா, பெரியவர் சாப்டாரா'ன்னு ஒரே புலம்பல். ஊர்லேர்ந்து போன்ல பேசின என் மாமியார், அம்மா தன் வீட்டுக்காரரைத்தான் கேக்கறாங்கன்னு நினைச்சு, 'சம்பந்திக்கு என்ன அக்கறை பாரு, ரெண்டு தோசை சாப்டார்மா'ன்னு பதில் வேற சொல்லிட்டாங்க." சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அவருக்குச் சாப்பாடு எங்கப்பா வைக்கறீங்க?"

"பெட்ரூம்ல. ஃபேன் போட்டு. ராஜா மாதிரி."

"தனியாவா?"

"டாக்டர் சொல்லிச்சே."

"அப்பா, அம்மா எங்க உக்காந்து சாப்பிடுவாங்கன்னு தெரியுமா?"

"டேபிள்லதான்..."

"டேபிள்லயா!" பிறகு மெதுவாகச் சொன்னாள். "பின்வாசல் படியிலப்பா. எல்லாரும் சாப்ட்டு, மத்த மூணும் சாப்ட்டு, கடைசியா. தட்டை மடியில வச்சுக்குவாங்க. பக்கத்துல அவர். அம்மா முதல் வாய் வச்சாதான் அவர் கிண்ணத்துல வாய் வைப்பார். அம்மா எழுந்துட்டா அவரும் நிறுத்திடுவார். நான் ஸ்கூல் போற காலத்துலேர்ந்தே அப்படித்தான். பேசிக்கிட்டே சாப்பிடுவாங்க."

"நாய்கிட்டயா? என்ன பேசுவா?"

"எல்லாந்தான். கேஸ் தீர்ந்துபோனது, என் மார்க்கு, பக்கத்து வீட்டுச் சண்டை. அப்புறம் நீங்க. 'இந்நேரம் பெரிய பாலத்தைத் தாண்டியிருப்பார், இல்ல பெரியவரே? மழைக்கு முன்னாடி தார்ப்பாய் போட்டிருப்பாரா?'ன்னு."

டிரைவர் திரும்பிப் பின்வாசல் படியைப் பார்த்தார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. உடம்பைப் பாத்துக்க."

பெரிய பாலம். அதைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு பீடி பற்றவைப்பார். அந்தப் பக்கம் போனால் வீடு தூரமாகிவிட்டது என்று அர்த்தம். அதே நேரத்தில் இங்கே ஒருத்தி படியில் உட்கார்ந்து அவரோடு பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ம்ம் போட்டது நாய்.

மதியம் நெருங்கியது. மூன்று பேரையும் அவரவர் இடத்தில் விட்டு, முடிந்ததும் கிண்ணங்களை எடுத்து வைத்தார். பிறகு தனக்கு ஒரு தட்டிலும், பெரியவருக்கு ஒரு கிண்ணத்திலும் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். படி, நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. முழங்கால் இரண்டும் முனக, சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். எதிரே துணி காயும் கொடி, பாதி நிழல், தண்ணீர்க் குழாயின் கீழே பாசி. இத்தனை வருஷம் அவள் பார்த்துக்கொண்டு சாப்பிட்டது இதைத்தான்.

பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். டிரைவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். பெரியவர் அசையவில்லை. இன்னொரு வாய். இல்லை. என்ன குறைகிறது? பேச்சா? நாயிடம் என்ன பேசுவது? தொண்டையைச் செருமினார். வெட்கமாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"அவ... இந்நேரம் பொண்ணுக்குத் தலை பின்னிக்கிட்டு இருப்பா" என்றார். "இல்ல பெரியவரே?"

கிழநாயின் தைத்த காது லேசாகத் துடித்தது.

"குளிச்சிருப்பா. துவைச்ச துணியைக் காயப்போட்டிருப்பா. அங்கல்லாம் வெயில் எப்படியோ. அவளுக்குக் கால் வலி வேற. மாடிப்படி ஏற வேண்டாம்னு சொன்னா கேட்பாளா?"

பெரியவர் முன்னங்காலை ஊன்றினார். எழுந்தார். கிண்ணத்தை மோந்து பார்த்தார். அவரைப் பார்த்தார். டிரைவர் சட்டென்று ஒரு வாய் போட்டு மென்றார். பெரியவர் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். மெதுவாக, பல் போன வாயின் ஒருபக்கத்தால் மென்றார். இன்னொரு துண்டு.

டிரைவருக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. பேச்சை நிறுத்தாமல் பேசினார், கையை நிறுத்தாமல் சாப்பிட்டார். ஆனால் வண்டிக்காரன் சாப்பாடு. வேகமாகச் சாப்பிட்டே பழகிய கை. பெரியவர் கிண்ணத்தில் பாதிகூடக் குறையவில்லை, இவர் தட்டு வழித்துத் துடைத்தாகிவிட்டது. எழுந்து போய் இன்னும் கொஞ்சம் போட்டுவரலாமென்றால், எழுந்தால் அவர் நிறுத்திவிடுவார். பெரியவர் தலையைத் தூக்கி அவர் கையைப் பார்த்தார்.

டிரைவர் காலித் தட்டில் விரல்களைக் குவித்தார். எதையோ பிசைந்து, உருட்டி, எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். மென்றார். அவசரமில்லாமல், நன்றாக மென்று விழுங்கினார். மறுபடியும் தட்டுக்குக் கையைக் கொண்டுபோனார்.

பெரியவர் கிண்ணத்துக்குள் குனிந்தார்.