மேலே மூடிய பெட்டி

அந்த மாசி மாதத்தில் தமேல் கடைத்தெருவில் ஊர்மிளா டங்கோலின் தலையைக் கண்டாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மலையேற வந்தவர்கள் விட்டுப்போன சாமான்களை விற்கும் கடை ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. லேப்டாப்பை வைக்க ஒரு கெட்டிப் பெட்டி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காட்டிய பெட்டியை எல்லாம் தரையில் போட்டுப் பார்த்தாள், மேலே ஏறி நின்று குதித்தாள். ஒரு கடையில் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளை வைத்து மூடி, மேலே ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தே விட்டாள். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே!" என்றான் அவள் கணவன் அனுப்.

"உன்னைக் கோவேறு கழுதை மேல ஏத்தி அனுப்பப் போறதில்லையே" என்றாள் ஊர்மிளா.

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் உள்ளே ஒரு நிமிடம் நிம்மதி கிடையாது. சோற்றில் கை வைத்தால் பெட்டி ஞாபகம், படுத்தால் பெட்டி ஞாபகம். காரணம் போன வருடம் நடந்தது.

தோக்மா என்ற பனி ஏரியை அளப்பது அவள் வேலை. ஏரிக்கு நேர் கீழே, ஆற்றங்கரையில், தல்லோபகர் என்ற குடியிருப்பு. ஏரி வருடத்துக்கு வருடம் வீங்கிக்கொண்டே வந்தது. உடைந்தால் தல்லோபகரில் ஒரு கோழிகூட மிஞ்சாது. போன வருடம் மேலே போய் அளந்து, படம் எடுத்து, எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி, துணிப்பையில் வைத்துக் கோவேறு கழுதையின் முதுகில் கட்டி இறக்கினாள். குறுகலான பாதையில் கழுதை ஒரு பக்கத்துச் சுமையைப் பாறையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. பை லேப்டாப்போடு தட்டையானது. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி கனல் உதட்டைப் பிதுக்கினார். "படமும் இல்ல, கணக்கும் இல்ல. வெறும் வாய்ப்பேச்சை நம்பி ஒரு ஊரையே கிளப்ப முடியுமாம்மா?" என்று கேட்டுவிட்டு ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். அந்த மழைக்காலம் முழுவதும் ஊர்மிளா ஒரு செய்தியையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏரி ஏதோ இரக்கப்பட்டு உடையாமல் நின்றது. இந்த வருடமும் இரக்கப்படும் என்று என்ன நிச்சயம்?

கடைசியில் ஒரு சந்துக் கடையில் கிடைத்தது. ஆரஞ்சு நிறம், ஆற்றில் விழுந்தாலும் கண்ணில் படும். கையுறை போட்ட கையாலேயே திறக்கக்கூடிய பெரிய கொக்கிகள், மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை, உள்ளே தடித்த பஞ்சு மெத்தை. ஏறிக் குதித்தாள். சிணுங்கக்கூட இல்லை. கைப்பிடிக்குக் கீழே மட்டும் ஒரு சின்னத் திருகு இருந்தது.

"இது எதுக்கு?"

"அதுவா? மலைக்குக் கொண்டுபோறப்ப இதை அப்பப்போ லேசாத் திறந்து மூடணுமாம் அக்கா. வித்த வெள்ளைக்காரன் சொல்லிட்டுப் போனான்."

"திறந்தா ஓட்டைதானே? தண்ணி புகாத பெட்டியில ஓட்டையா?"

"எனக்கென்ன தெரியும், அவன் சொன்னதைச் சொன்னேன்."

ஊர்மிளா பௌதிகம் படித்தவள். ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். பயம் பிடித்த மனசு எங்கே நின்று யோசிக்கிறது? அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து, இரும்பு ஒட்டும் பசையைக் குழைத்து, அந்தத் திருகின் மேல் ஒரு மேடு கட்டினாள். காய்ந்ததும் நகத்தால் சுண்டிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. இனி எந்த ஆறும் உள்ளே வராது என்று முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

சித்திரையில் மேலே போனார்கள். கழுதை ஓட்டுபவர் போன வருடம் வந்த அதே தேக் பகதூர் காலேதான். தல்லோபகர்க்காரர். அவரும் மனைவி பூல்மாயாவும் இருந்த வீடுதான் ஆற்றங்கரையில் முதல் வீடு.

"பெட்டியை முன்னாடி கழுதையில கட்டட்டுமா, தங்கச்சி?"

"எந்தக் கழுதையும் வேணாம் அண்ணே. நானே தூக்கிக்கிறேன்."

"நீயே ஒரு பெட்டி கனம்தான் இருக்கே. உன்னை யாரு தூக்குறது?"

முதுகில் பெட்டியோடுதான் ஏறினாள். மேலே போகப் போக நூடுல்ஸ் பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பின. தேக் பகதூர் ஒன்றைத் தட்டி, "இதுக்கும் பிள்ளை உண்டாயிடுச்சு" என்று சிரித்தார். ஊர்மிளாவும் சிரித்தாள். அது தனக்குச் சொல்லப்பட்ட பாடம் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. போன வருடம் நின்ற பாறை தண்ணீருக்குள் இருந்தது. அளந்தாள், படம் எடுத்தாள், எல்லாவற்றையும் ஏற்றினாள். பிரதி ஒன்று எடுத்து அதையும் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் வேறெது? கொக்கிகளை அழுத்தி மூடிவிட்டு, ஓட்டமும் நடையுமாக இறங்கினாள்.

ஊருக்கு மேலே, மேட்டில் இருந்த பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. கனல் முந்தியே வந்துவிட்டார். ஹெலிகாப்டர் ஓரமாக நின்றது. அதன் ஓட்டி பிரணித், மலை முகட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். மதியத்துக்குமேல் மேகம் அடைத்துவிடும். அதற்குள் கிளம்ப வேண்டும்.

"சீக்கிரம் காட்டும்மா" என்றார் கனல்.

ஊர்மிளா பெட்டியை மேஜைமேல் வைத்துக் கொக்கிகளைத் தூக்கினாள். மூடியைத் தூக்கினாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். மேஜைதான் பெட்டியோடு ஆடியது. தேக் பகதூர் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். மூடி, பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொண்ட மாதிரி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தது. தேக் பகதூர் இடுப்பிலிருந்த குக்ரிக் கத்தியை உருவி இடுக்கில் நெம்பினார். குக்ரி வழுக்கி மேஜையில் குத்தியது. எவ்வளவு நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது.

"போன வருஷம் ஏரியைக் கழுதை தின்னுச்சு" என்றாள் பூல்மாயா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "இந்த வருஷம் பொட்டி முழுங்கிருச்சா?"

கூட்டம் சிரித்தது. ஊர்மிளாவுக்குக் காது மடல் சுட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். ஏரிக்கரையில் பாதி குடித்துவிட்டு மூடிய பிளாஸ்டிக் பாட்டில். யாரோ மிதித்தது மாதிரி நசுங்கிக் கிடந்தது. அதையே பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாகப் பெட்டியின் கைப்பிடிக்குக் கீழே பார்த்தாள். அவள் கையால் கட்டிய பசை மேடு. முகத்தில் ஈயாடவில்லை.

"சார்... தப்பு என்னோடதுதான். மேல காத்து கம்மி. அங்க வெச்சு மூடினேன். இங்க காத்து அதிகம், அது மூடியை வெளியிலேர்ந்து அமுக்குது. உள்ள காத்து போக ஒரு வழி இருந்துச்சு. நான்தான் பசை போட்டு அடைச்சுட்டேன்."

"அந்தப் பசையை எடும்மா."

ஆணியால் சுரண்டினாள். தூசிகூட விழவில்லை. "சாயங்காலம் வரைக்கும் சுரண்டணும் சார்."

"சாயங்காலம் நான் இங்க இருக்க மாட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்." கனல் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

அடுத்த வருடம்! ஊர்மிளாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அடுத்த வருடம் இந்த மைதானத்தில் கூடுவதற்கு இவர்களில் யார் இருப்பார்கள்?

"சார், இது மேல மூடின பெட்டி. மேல போனா தானாத் திறக்கும்." அவர் வழியை மறித்து நின்றாள். "ஏரி வரைக்கும் பறந்தாப் போதும்."

"மேலயா? எனக்கு ரத்தக் கொதிப்பும்மா!"

பிரணித் முகட்டைப் பார்த்தான். "இப்பவே ஏறினா மேகத்துக்கு முன்னாடி திரும்பிடலாம் சார். மேல ரொம்ப நேரம் நிக்க மாட்டேன்."

கனல் ஓர் அடி பின்னால் வைத்தார். பூல்மாயா விடுவாளா? "ஐயாவுக்குப் பயமா இருந்தா நான் போறேன். எனக்கு ரத்தமே கம்மி, கொதிக்கறதுக்கு என்ன இருக்கு?"

இந்தத் தடவை சிரிப்பு கனல் பக்கம் திரும்பியது. அவர் கூட்டத்தை முறைத்தார். முறைத்துக்கொண்டே போய் ஏறி உட்கார்ந்தார்.

ஊர்மிளா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளத்தாக்கு கீழே போயிற்று, மரங்கள் தீர்ந்தன, கல்லும் பனியும் வந்தன. திறக்காவிட்டால்? பஞ்சு நனைந்திருந்தால்? திறந்தும் லேப்டாப் எழுந்திருக்காவிட்டால்? பைக்குள்ளிருந்து டப் என்று ஒரு சத்தம். பாட்டில் நிமிர்ந்துகொண்டது. அடுத்து மடியில் பெட்டி மெல்லப் பெருமூச்சு விட, மூடி அவள் விரலுக்கு இணங்கி எழும்பியது.

"திறந்துடுச்சு சார்! சார்!"

கனல் திரும்பவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தோக்மா விளிம்புவரை நிறைந்து கிடந்தது. அதைத் தாங்கியிருந்தது கல்லும் மண்ணும் கலந்த ஒரு மேடு மட்டும்தான். அதன் ஒரு மூலையில் தண்ணீர் கசிந்து, மண்ணை அரித்துக்கொண்டு, மெல்லிசாக வழிந்துகொண்டிருந்தது. அளந்துவிட்டு வந்தபோது அந்தக் கசிவு இல்லை.

"இது உடைஞ்சா கீழ வர எவ்வளவு நேரம் ஆகும்மா?" கனலின் குரல் வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது.

"உக்காந்து பருப்புஞ்சோறு சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரம் சார்."

அவள் லேப்டாப்பை எடுத்து நீட்டினாள். அவர் கையால் தள்ளினார். "அதை மூடும்மா. பாத்துட்டேன். போன வருஷமே வந்து பாத்திருக்கணும்."

இறங்கியதும் கனல் கூட்டத்தை விலக்கினார். நேராக ஆற்றங்கரைக்கு நடந்தார். பின்னால் ஊரே ஓடியது. பூல்மாயாவின் வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"என்னங்கய்யா, பொட்டி திறந்துச்சா? உள்ள என்ன இருந்துச்சு?"

"நான் உள்ள பாக்கலை. ஏரியைப் பாத்தேன்." அவர் அவள் கூரையைக் காட்டினார். "முதல்ல உன் வீட்டைக் காலி பண்ணு. இன்னைக்கே. பள்ளிக்கூடத்துல தங்குங்க. அங்கயே கொட்டகை போடத் தகரம் நாளைக்கு இதே ஹெலிகாப்டர்ல வரும், அதுக்கு நான் பொறுப்பு."

பூல்மாயா வாயடைத்து நின்றாள். அவள் வாயடைத்து அந்த ஊர் பார்த்ததில்லை. பிறகு வீட்டுக்குள் போனாள். ஒரு துணி மூட்டையோடு வந்தாள், திரும்பப் போனாள், விதைச் சோளத்தோடு வந்தாள், அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் போனாள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் குட்டி போட்ட பூனையாக உள்ளுக்கும் வெளிக்கும் அலைந்தாள். அந்த அலைச்சல் ஊர்மிளாவுக்குத் தெரியும். மாசியிலிருந்து அவள் அலைந்ததும் அதே அலைச்சல்தான்.

இந்தத் தடவை மூடாமலே கொண்டுவந்த பெட்டியிலிருந்து லேப்டாப்பையும் பிரதியையும் எடுத்தாள். பஞ்சைப் பிய்த்து எறிந்தாள். இரண்டையும் தன் சால்வைக்குள் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலிப் பெட்டியைப் பூல்மாயாவின் முன்னால் வைத்தாள்.

"முக்கியமானதை இதுல வைங்கக்கா. தண்ணி புகாது. மிதிச்சாலும் உடையாது. நான் குதிச்சே பாத்திருக்கேன்."

பூல்மாயா பெட்டியைப் பார்த்தாள், ஊர்மிளாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதைத் திறக்கணும்னா நானும் வானத்துல ஏறணுமா?"

"வேணாம்க்கா" என்றாள் ஊர்மிளா. "கீழ மூடினா கீழயே திறக்கும்."

பூல்மாயா உட்கார்ந்து விதைச் சோளத்தை இரண்டு கையாலும் அள்ளிப் பெட்டிக்குள் போடத் தொடங்கினாள்.