முதல் வரிசை இருக்கை

பெய்து தீர்த்த மழை ஓய்ந்து, துலக்கிய வெள்ளித் தட்டென வானம் வெளுத்திருந்த காலைப்பொழுது அது. கரையுடைத்து ஊருக்குள் புகுந்த ஆறு, தான் செய்தது இன்னதென அறியாத குழவியைப்போல் மீண்டும் தன் படுகையிற் சுருண்டு சலசலத்துக்கொண்டிருந்தது. அது விட்டுச்சென்ற சேறோ, தெருக்களில் முழந்தாளளவு படிந்து, கடைகளின் படிகளை விழுங்கி, சுவர்களில் ஆளுயரத்திற்குப் பழுப்புக் கோடு இழுத்து, கதவிழந்த வீடுகளுக்குள் கட்டிலும் கலமும் அடுப்பும் ஒன்றாய்க் குழைந்து கிடக்கும்படி செய்திருந்தது. பாலம் இடிந்தது, சாலை அறுந்தது, ஆற்றோரத்து மரக்கிடங்கு அடியோடு போயிற்று. படிப்போரே, மேட்டின்மேல் நின்ற கிறித்தவக் கற்கோயில் ஒன்றே ஈரம் படாத தரையும் உலர்ந்த மரமும் உடையதாய் எஞ்சிற்று.

அக்கோயிலின் பாதிரியாராகிய ஆயரை நாடி அன்று தச்சர் வந்தார். தம் திருமண நாளுக்குப் பின் அவ்வாயிற்படியை மிதியாதவர் அவர். அவர் மனைவியோ ஒரு ஞாயிறும் தவறாதவள். அண்டை வீட்டு நோயாளியைத் தூக்கிவரப் போனவளை வெள்ளம் உயிரோடு திருப்பித் தரவில்லை. உயிரற்ற உடலாகவே தந்தது. மற்ற உடல்களோடு அவளும் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கிடந்தாள்.

"ஐயா, செத்தவங்களைப் புதைக்கப் பெட்டி வேணும். ஊர்ல காஞ்ச மரம்னா உங்க பெஞ்சுதான் இருக்கு. தருவீங்களா?"

"எடுத்துக்கோங்க. ஞாயித்துக்கிழமை நாங்க தரையில உக்காந்துக்கிறோம்" என்றார் ஆயர், ஒரு கணமும் தயங்காமல்.

தயங்கியவர் வேறொருவர். மருந்துக்கடை நடத்தும் அம்மையார் ஒருவர் அவ்வூரில் இருந்தார். நாவின் கடுமையால் 'கசப்பு மருந்து' என்று ஊரார் தமக்குள் அழைப்பர். முதல் வரிசை இருக்கை, அவர் கணவர் மணமான புதிதில் செய்வித்துக் கோயிலுக்கு அளித்தது. கணவர் மறைந்து நெடுங்காலமாகியும், அவர் அமர்ந்த இடத்தில் பிறர் அமர அம்மையார் ஒருப்பட்டதில்லை. செய்தி கேட்டதும் சேற்றில் புடைவை இழுபட மேடேறி வந்து, அவ்விருக்கையில் அசையாது அமர்ந்துகொண்டார்.

"இது என் வீட்டுக்காரர் கொடுத்தது. இதுல மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது."

"சரிம்மா, அது உங்களுது" என்று தச்சர் மரமறுக்கும் வாளை எடுத்துப் பின்வரிசையிலிருந்து அறுக்கத் தொடங்கினார்.

பலகைகள் பிளந்தன; மரத்தூள் வெயிற்கீற்றில் பொன்துகளாய்ப் பறந்து அம்மையாரின் நரைத்த கூந்தலிற் படிந்தது. உதவிக்கு வந்தோர், ஆற்றுநீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல் அவரைச் சுற்றிப் போயினர். பேழை ஒன்று முடியுந்தோறும் அது இன்னாருக்கென்று ஒருவர் உரைக்க, அம்மையாரின் உதடுகள் தாமே அசைந்தன. இவனுக்குச் சர்க்கரை, இவளுக்கு ஓயாத தலைவலி, இக்குழந்தைக்குத் தேன் கலந்தாலன்றி இருமல் மருந்து உள்ளே இறங்காது. மாண்டோர் அனைவரின் வலியையும் அறிந்தவர் அவர். அவ்வலிகள் யாவும் ஒருசேர அடங்கிவிட்டமை அன்றே அவருக்கு உறைத்தது.

வெயில் சாயும் வேளையில், முதல் வரிசை நீங்கலாக அறுக்க இனி மரமின்றித் தச்சர் வாளைக் கீழே வைத்தார். பின்னர் ஒரு போர்வையை உதறி மடிக்கலானார். அதைக் கண்ட ஆயர், குரல் தாழ்த்தி, "உங்க வீட்டம்மாவுக்கு?" என்றார்.

"அவளுக்கு இது போதும்யா. மத்தவங்களுக்கு முதல்ல கொடுன்னுதான் அவளே சொல்லியிருப்பா."

அச்சொல் அம்மையாரின் செவியில் விழுந்தது. தமக்கு நேர் பின்னே அமர்ந்து, பண்ணோடு பொருந்தாமல், ஆனால் கூரை அதிரப் பாடிய அப்பெண்ணை அவர் எத்தனைமுறை திரும்பி முறைத்திருப்பார்! முறைத்த ஒவ்வொரு முறையும் அவள் சிரித்துவிட்டு இன்னும் உரக்கப் பாடுவாள். அம்மையார் எழுந்தார். கணவர் அமர்ந்த இடத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.

"தம்பி, இதையும் அறுங்க."

"வேண்டாம்மா. நீங்க எங்க உக்காருவீங்க?"

"நான் உக்காந்தது போதும். உங்க பொண்டாட்டி எனக்குப் பின்னாடி உக்காந்து, இத்தனை வருஷமா காது கிழியப் பாடினா. இனிமேயாவது முன்னாடி வரட்டும்."

தச்சர் சிரித்துவிட்டார். வெள்ளம் வந்தபின் அவர் முகத்தில் தோன்றிய அம்முதற்சிரிப்பு, அணை உடைந்தாற்போல் அழுகையாய் மாறிற்று. அம்மையார் அவர் அழுகை தணியுமளவும் காத்திருந்து, பலகை ஆடாதபடி அதன் மறுமுனையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

ஞாயிறன்று, வெறுமையாய் விரிந்த கோயிலில் எஞ்சியோர் தரையில் அமர்ந்தனர். ஆயர் மேடை ஏறாது அவர்கள் நடுவே நின்றார். "ஏன் இப்படி நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேச வாய் வரல. ஆண்டவரும் நம்மகூட அழுவார்னு மட்டும் நம்புறேன்" என்று கூறி, அவரும் தரையில் அமர்ந்துவிட்டார். வாயிற்படியில் நின்ற தச்சர் நெடுநேரம் தயங்கி உள்ளே வந்து, அம்மையாரின் அருகே இடம்பிடித்தார். அவர் பாடவில்லை; மன்றாடினாரா என்பதை யாம் அறியோம்.

வழிபாடு முடிந்து அனைவரும் எழ, முழங்கால் மரத்துப்போன அம்மையாரால் எழ இயலவில்லை. எவரிடமும் உதவி கேட்டறியாத அந்நா, இன்று கேட்கவும் கூசி அடங்கியிருந்தது. தச்சர் கை நீட்டினார், அவர் பற்றிக்கொண்டார். அன்றுமுதல் ஞாயிறுதோறும் தரையினின்று ஒருவரையொருவர் தூக்கிவிட்ட பின்னரே அவ்வூரார் இல்லம் ஏகினர். துயருக்கு விடை அவர்களுக்குக் கிட்டிற்றில்லை. எழுவதற்கு ஒரு கை கிட்டிற்று. அதனையே அவர்கள் அருள் என்றனர். அது அருளன்று என மறுக்க யாம் யார்?