பதினோராவது எபிசோட்

ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி பொருத்துவது அவன் தொழில். அதனால் கண்ணாடிக்காரன் என்பதே அவன் பெயராகிவிட்டது. ஆளுயரக் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறவனுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என யாரும் நினைத்ததில்லை. மனைவியின் காதுக்கு உள்ளே, மூளையை ஒட்டி, ஒரு கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை அவனும் நினைத்ததில்லை.

மனைவியை அவன் சில்லு என்று கூப்பிடுவான். வெட்டும்போது தெறிக்கிற கண்ணாடித் துண்டு மாதிரி அவள் பேச்சு சுருக்கென்று குத்தும். டாக்ஸி கம்பெனி ஒன்றில் போன் எடுத்து வண்டி அனுப்புவது அவள் வேலை. ஹெட்செட்டை வலது காதில்தான் மாட்டுவாள். அந்தக் காதுக்குள் எந்நேரமும் வண்டு சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னபோது, "ஹெட்செட் பழசாயிருக்கும், புதுசு கேளு" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். பிறகு அவள் முகவரிகளைத் தப்பாகக் கேட்க ஆரம்பித்தாள். வண்டிகள் சம்பந்தமில்லாத தெருக்களில் போய் நின்று ஹாரன் அடித்தன. ஒருநாள் நாற்காலியைவிட்டு எழுந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். அதன்பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள்.

"கெட்ட கட்டி இல்ல. ஆனா எடுத்தாகணும்," என்றார் டாக்டர். "அந்தக் காது கேக்காமப் போயிடலாம். முகத்துக்குப் போற நரம்பும் பக்கத்துலதான் ஓடுது. பெரிய ஆபரேஷன், அதை நான் மறைக்க விரும்பல."

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் கண்ணாடிக்காரனின் காதில் ஏறவில்லை. இரண்டு காதும் நன்றாக இருந்தவன் அவன்தான்.

ஆபரேஷனுக்குத் தேதி தந்துவிட்டு, அதுவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சில்லுவுக்கு நேரம் போகவில்லை. அவள் தம்பி ஒருவன், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், ஒல்லியாக இருப்பதால் ஊசி என்று பெயர் எடுத்தவன், ஒரு ஜப்பானிய அனிமே தொடரைக் காட்டிக்கொடுத்தான். வாரம் ஒரு எபிசோட், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரும். மலை மேல் ஒரு சின்ன ஊர். அங்கே ஓடும் ரோப்காரில் கோடை விடுமுறை வேலைக்கு வருகிறான் ஒரு பையன். கீழ் நிலையத்தில் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

"கண்ணு இவ்வளவு பெருசு. மூக்கு எங்க?" என்றான் கண்ணாடிக்காரன் முதல் வாரம்.

"உங்களுக்குக் குடுத்ததுல தீர்ந்துபோச்சாம்," என்றாள் அவள்.

பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தவன், பையன் அந்தப் பெண்ணுக்கு எழுதிய சீட்டு காற்றில் பறந்து ரோப்காரின் கூரையில் விழுந்த வாரம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே வேலை என்றாலும் நாலு மணிக்குள் வீடு வந்துவிடுவான். சில்லு இடது காதை டிவி பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவாள். அவன் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அடியில் ஓடும் எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிப் படிப்பான். அந்த அரைமணி நேரத்தில் மட்டும் இருவரும் கட்டியை மறந்திருந்தார்கள்.

பத்தாவது வாரம் அந்தப் பெண்ணின் கையிலிருந்து டிக்கெட்டுகள் சிதறின. படிக்கட்டில் சுருண்டு விழுந்தாள். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறாம். ஆபரேஷன் செய்யவேண்டுமாம். அந்த டாக்டரும் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

கண்ணாடிக்காரன் திரும்பிப் பார்த்தான். சில்லு பிஸ்கட்டை வாயில் வைத்தபடி, "ஐயோ பாவம்" என்றாள். ஆனால் அவளுடைய இன்னொரு கை, அவள் அறியாமலே, காதுக்குப் பின்னால் போய்த் தடவிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக மச்சான் கடைக்குப் போனான்.

"டேய் மாப்ள, அந்த ரோப்கார் கதை எப்படிடா முடியும்?"

"தெரியாது மாமா. அது முதல்ல கேமா வந்துச்சு. கேம்னா சுடுறது, ஓடுறது எல்லாம் இல்ல. படம் வரும், கீழ கதை வரும், படிச்சுக்கிட்டே போகணும். நடுவுல நடுவுல இதைச் செய்யறியா, அதைச் செய்யறியான்னு கேக்கும். நாம எதைச் சொல்றோமோ அந்த வழியில கதை போகும். ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு முடிவு. டிவிக்கு எடுக்கறவங்க எந்த வழியை எடுத்திருக்காங்களோ, யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பொண்ணு?"

ஊசி திருப்புளியைக் கீழே வைத்தான். "ஒரு வழியில பொழைச்சுக்குவா. இன்னொண்ணுல..." என்று இழுத்தான்.

கண்ணாடிக்காரன் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மச்சானுடைய லேப்டாப்பில் அந்த விளையாட்டைத் திறக்கச் சொன்னான். அன்று வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கேள்வி வரும்போதெல்லாம் கைவிரலை எடுத்துவிட்டு யோசித்தான். அவளோடு சண்டை போடலாமா, விட்டுக்கொடுக்கலாமா? விட்டுக்கொடுத்தான். வீடுவரை கொண்டுபோய் விடலாமா, நிலையத்திலேயே நின்றுவிடலாமா? வீடுவரை போனான். ஒரு நல்ல மனிதன் எதைச் செய்வானோ அதையே தேர்ந்தெடுத்தான். கடைசியில் ஆபரேஷன் அறையின் கதவுக்கு மேலே விளக்கு அணைந்தது. டாக்டர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். திரை வெள்ளையாகி, பாட்டு மட்டும் ஓடியது.

"நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்றான். "எல்லாம் சரியாத்தானே சொன்னேன்."

ஊசி எட்டிப் பார்த்தான். "ஆரம்பத்துல மழை வந்துச்சே, அப்ப குடையைக் குடுத்தீங்களா?"

"இல்ல. அதுக்குள்ள மழை விட்டிருச்சுன்னு போட்டிருந்தானே."

"அதான் மாமா. குடையைக் குடுத்திருக்கணும். அதுலதான் வழி பிரியுது."

கண்ணாடிக்காரன் எழுந்து வெளியே வந்தான். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நடைபாதையில் மனிதர்கள் அவன் மேல் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு குடைக்கு ஓர் உயிரா? அந்தக் குடையில்தான் எல்லாம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 'ஹெட்செட் பழசாயிருக்கும்' என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தால் கட்டி கடுகளவு இருந்திருக்குமோ? இன்னும் என்னென்ன குடைகளைக் கொடுக்காமல் விட்டிருக்கிறோமோ?

பதினோராவது எபிசோட் வரும் ஞாயிறு. அதற்கு மூன்றாம் நாள், புதன்கிழமை, ஆபரேஷன். அந்தப் பெண் சாவதைப் பார்த்துவிட்டு அவள் எப்படித் தைரியமாகப் போய்ப் படுப்பாள்? பார்க்கவிடக் கூடாது என்று முடிவுசெய்தான். சனிக்கிழமை காலை, அவள் குளிக்கும்போது, இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கித் தன் வேலைப் பைக்குள், கண்ணாடி வெட்டும் கத்திக்குக் கீழே, போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"நெட் வரலைங்க," என்று போன் செய்தாள்.

"தெரு முழுக்க இல்லையாம். ரெண்டு மூணு நாள் ஆகுமாம்."

ஞாயிறு மாலை அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அலமாரியின் சாவிகள். துவைத்த சட்டைகளெல்லாம் அவன் கைக்கு எட்டும் தட்டில் அடுக்கியிருந்தது. பச்சைச் சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்து வைத்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேல் வீட்டுல நெட் வருது," என்றாள். "நேத்து ராத்திரி அடாப்டரையும் உங்க பையில பாத்தேன். காலையில நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல."

அவன் பையைக் கீழே வைத்தான்.

"போன வாரம் மறுபடி எடுத்த ஸ்கேனோட ரிசல்ட்டு மெயில்ல வரும்னு சொன்னாங்கல்ல? நான் அதைப் பாக்கக்கூடாதுன்னுதானே பிடுங்கினீங்க?" குரல் தாழ்ந்திருந்தது. அவள் கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது அவனுக்கு. "டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னாரு? கெட்ட கட்டியா? எடுக்க முடியாதாமா?"

"சத்தியமா அதெல்லாம் இல்ல, சில்லு."

"ரெண்டு நாள் வேலைக்குப் போகல நீங்க. முதலாளி போன் பண்ணி உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. சாப்பாடு இறங்கல உங்களுக்கு. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு என் மூக்குகிட்ட கையை வச்சுப் பாக்கறீங்க." சாவிகளை அவன் பக்கம் தள்ளினாள். "செத்துப்போகப் போறேன்னா சொல்லிடுங்க. எனக்குத் தெரியாம என் சாவை நீங்க மட்டும் வச்சுக்காதீங்க."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த டிக்கெட் பொண்ணு செத்துடுவா," என்றான்.

"என்னது?"

"ரோப்கார் கதையில. ஆபரேஷன்ல செத்துடுவா. நீ பாத்தா பயந்துடுவியோன்னுதான் நெட்டைப் பிடுங்கினேன்."

சில்லு அவனை வெறித்துப் பார்த்தாள். "இதைவிட நல்ல பொய் கிடைக்கலையா உங்களுக்கு?"

அவள் தம்பிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டான். ஊசியும் அதையே சொன்னான். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்க" என்று போனை வைத்துவிட்டாள். வேறு வழி தெரியவில்லை. கண்ணாடிக்காரன் பையைக் கவிழ்த்து, அடாப்டரை எடுத்து மாட்டினான். எதை அவள் கண்ணில் படாமல் வைக்கப் படாதபாடு பட்டானோ, அதைத் தன் கையாலேயே அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். திரையில் அந்தப் பெண் தள்ளுபடுக்கையில் போனாள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. பையன் கூடவே ஓடினான். கதவு மூடியது. பையன் நீளமான வராந்தாவில் தனியாக நின்றான். இசையே இல்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு, "அணைஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.

"எது?"

"கதவு மேல விளக்கு."

"எரியுது," என்றாள். "பேரெல்லாம் ஓடுது. அவ்வளவுதான், எபிசோட் முடிஞ்சிருச்சு."

கண்ணைத் திறந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தபடியே விட்டுவிட்டிருந்தார்கள். மீதி அடுத்த ஞாயிறு.

சில்லு முதலில் சிரித்தாள். பிறகு அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். பிறகு அழுதாள். "லூசு, லூசு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். "ஒரு பொம்மைக்காக என்னைக் கொன்னுட்டீங்களே ரெண்டு நாளா."

அழுது ஓய்ந்ததும், அவன் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "சாவைப் பத்தி நான் இன்னிக்கு வரைக்கும் யோசிச்சதே இல்லீங்க. என் பயம் வேற. முழிச்சுப் பாக்கும்போது வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, ஒரு கண்ணு மூடாம இருந்தா... நீங்க என் முகத்தைப் பாக்காம செவுத்தைப் பாத்துப் பேசுவீங்களோன்னு."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். பொய் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது என்று அடக்கிக்கொண்டான்.

"எனக்குத் தெரியல," என்றான். "நானும் பயந்துதான் கிடக்கேன். அப்படிப் பாத்தா கன்னத்துல ஒண்ணு விடு."

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையின் கதவுக்கு மேல் விளக்கு எதுவும் இல்லை. ரப்பர் பட்டை வைத்த சாதாரணக் கதவு. திறக்கும்போதும் மூடும்போதும் சத்தமே வரவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. யார் வெளியே வந்தாலும் கண்ணாடிக்காரன் எழுந்து நின்றான். துணி மூட்டை தள்ளிக்கொண்டு வந்த ஆளைக் கண்டும் எழுந்து நின்றான். ஊசி ரொட்டி வாங்கி வந்து கையில் திணித்தான். அது கையிலேயே நசுங்கியது. மச்சான் அழுகிறானோ என்று திரும்பிப் பார்க்கவும் பயம். காலையில் போனவளுக்கு மாலை ஆகியும் சேதி இல்லை. ஒரு கட்டத்தில், கதவு திறக்கவே வேண்டாம், இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும் என்றுகூட நினைத்தான். திறக்காதவரை அவள் உயிரோடுதான் இருக்கிறாள்.

டாக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றினார். கண்ணாடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எடுத்தாச்சு," என்றார் அவர், அவன் தோளைத் தொட்டு. "காதைக் காப்பாத்த முடியல. நரம்பு அறுந்துபோகல, ஆனா நசுங்கியிருக்கு. முகம் சரியாக மாசக்கணக்குல ஆகும். கொஞ்சம் கோணல் அப்படியே நின்னுபோனாலும் போகலாம்."

மறுநாள் உள்ளே விட்டார்கள். தலையில் பெரிய கட்டு. வலப்பக்கம் முழுவதும் மெழுகு உருகினமாதிரி இறங்கியிருந்தது. மூடாத கண்ணின் மேல் ஒரு வெள்ளைத் துணி ஒட்டியிருந்தார்கள். அவன் பார்வை தானாகவே மேலே தொங்கிய மருந்துப் பாட்டிலுக்குப் போய்விட்டது. ஒரே நொடிதான். மருந்து ஏறிக்கொண்டிருந்த அவள் கை மெதுவாக உயர்ந்து அவன் கன்னத்தில் தட்டியது. வலிக்கவே இல்லை. அவன் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பயமாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான்.

பன்னிரண்டாவது எபிசோடை வீடு திரும்பிய பிறகுதான் பார்த்தார்கள். டிவிக்காரர்கள் விளையாட்டில் இல்லாத ஒரு வழியை எடுத்திருந்தார்கள். பெண் பிழைக்கிறாள். ஆனால் மலை ஊரைவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. பையன் ரோப்காரை ஓட்டிக்கொண்டே இருக்கிறான். கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊசி குதித்தான். "உயிரோட இருக்கால்ல, போதும்டா," என்றாள் சில்லு. சொற்கள் இன்னும் வாயோரம் வழுக்கின.

கட்டைப் பிரிக்கும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நடந்து வந்தார்கள். சந்திப்பில் அவள் சாலையில் கால் வைத்தாள். வலப்பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் இடப்பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறது. இடது பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தாள். அவன் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இருவரும் நடைபாதையில் உட்கார்ந்தமாதிரி விழுந்தார்கள். பஸ் காற்றை அறைந்துகொண்டு போனது.

அவன் கை அவள் சட்டையை விடவே இல்லை.

"விடுங்க, கிழிஞ்சிரும்," என்றாள்.

"கிழியட்டும்."

அவள் எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு வந்து, கேட்காத காது அவன் பக்கம் இருக்கும்படி, அவனுக்கு இடப்பக்கமாக நின்றாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். வண்டியே இல்லாத சாலையில் அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தபோது, "போலாமாங்க?" என்று கேட்டாள் அவள்.